கருத்தின் எடை

எங்கள் புளியங்குடிக்கு எலுமிச்சை நகரம் என்றொரு பெயர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் அது. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சார்ந்திருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபின் அதனுள் அடங்கியது. இவ்வூர் எலுமிச்சைச் சந்தையில் ஒருநாட் காலை ஓரமாக நின்று பாருங்கள். சாக்கிலிருந்து கொட்டிய பழக்குவியலின் முன் வியாபாரி ஒருவர் குனிகிறார். ஒரு பழத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்க்கிறார். கட்டைவிரலால் மெல்ல அழுத்துகிறார். தோல் மெல்லியதா, தடித்ததா என்று அந்த விரல் சொல்லிவிடுகிறது. குவியலின் அடியில் கையை விட்டு மற்றொரு பழத்தை எடுத்து அதனையும் அவ்வாறே பார்க்கிறார். பிறகுதான் வாய் திறந்து விலை சொல்லுகிறார்.

அவர் சொல்லுவதும் ஒரு கருத்துத்தான். ஆனால் அது பிழையானால் இழப்பு அவருடைய பையிலிருந்து போகும். மேலே கிடக்கும் பழத்தை மட்டும் பார்த்து விலை சொன்னவர் அடுத்த பருவத்தில் சந்தைப் பக்கம் வரமாட்டார்.

அன்று மாலையே வீட்டில் வேறொரு காட்சி காண்கிறேன். விடுமுறைக்கு வந்த என் பெயரன் கைப்பேசியில் புதிதாக இறக்கிய செயலி ஒன்றுக்கு மூன்று நட்சத்திரம் வழங்குகிறான். ‘எத்தனை நாளாகப் பயன்படுத்துகிறாய்?’ என்று கேட்டேன். ‘இப்பதான் தாத்தா, அதுவே கேட்டுச்சு, போட்டேன்’ என்றான். அவனைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. அதற்குக் காரணத்தைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

இன்று நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கைப்பேசி நல்லது, அந்த எண்ணெய் கெட்டது, அவ்வுணவகத்தின் இட்டலி கல், இந்த மிக்ஸி ஓராண்டுகூடத் தாங்காது என்று இவ்வாறெல்லாம் பேசுகிறோம். முன்பு இப்பேச்சு திண்ணையோடு நின்றது. திண்ணையில் இருந்தவர்க்குப் பேசுபவரைத் தெரியும். ‘அவன் எதையும் குறைதான் சொல்லுவான்’ என்று அவர்கள் தள்ளுபடி செய்துகொள்வார்கள். இன்று அதே பேச்சு ஒரு நொடியில் ஆயிரம் பேரிடம் செல்லுகிறது. அந்த ஆயிரவர்க்கும் நம்மைத் தெரியாது. அல்லது, அதைவிடத் தீங்காக, நம்மைத் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே நம்பிவிடுகிறார்கள்.

எனக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. 2017 ஆம் ஆண்டில் நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டில்தான் நாட்டின் பல பகுதிகளில் ‘பிளாஸ்டிக் முட்டை’ என்ற வதந்தி உலவியது. யாரோ ஒருவர் முட்டையை உடைக்கிறார். மஞ்சட்கரு வட்டமாக நில்லாமல் பரவுகிறது. ஓட்டின் உட்புறத்திலிருந்து தாள் போன்ற ஒன்றை உரித்துத் தீயில் காட்டுகிறார். அது சுருண்டு கருகுகிறது. இப்படியொரு காணொலி எனக்கு வந்தது. நான் பார்த்தேன், பதறினேன், ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று தலைப்பிட்டு, பழைய மாணவர் குழு, உறவினர் குழு, தெருவார் குழு ஆகிய மூன்றுக்கும் அனுப்பினேன். நல்லது செய்தோம் என்ற நிறைவோடு உறங்கினேன்.

எங்கள் தெருமுனையில் முட்டையும் காய்கறியும் விற்கும் ஆச்சி ஒருவர் உண்டு. பத்து நாள் கழித்து அவர் கடைக்குச் சென்றேன். முட்டை அட்டைகள் மூன்று அப்படியே இருந்தன. ஓர் அட்டைக்கு 30 முட்டை. ‘என்ன ஆச்சி, வியாபாரம் மந்தமோ?’ என்றேன். ‘பள்ளிக்கூடத்துப் பெரிய சாரே பிளாஸ்டிக்குன்னு சொல்லிட்டாராம். பெறவு யாரு வாங்குவா?’ என்றார். குரலில் சினம் இல்லை. சற்று நேரம் கழித்து, தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: ‘சார், அந்த முட்டைய நீங்க ஒடைச்சுப் பாத்தியளா?’

நாற்பது ஆண்டுக்கு அருகில் பாடம் சொன்னவன் நான். ‘சோதனை, காண்பன, முடிவு’ என்று மூன்று தலைப்பிட்டு எழுதாத ஆய்வேட்டில் கையொப்பமிட மறுத்தவன். அன்று அந்த மூன்று அட்டை முட்டையின் முன் எனக்கு விடை இருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். ஆச்சியிடம் வாங்கிய ஒரு மாதத்திற்கு அண்மையான பழைய முட்டை நான்கும், பண்ணையிலிருந்து அன்று வந்த முட்டை நான்கும் எடுத்துக்கொண்டு உடைத்தேன். விளக்கம் எளிது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. நாள் ஆக ஆக அவற்றின் வழியே கரியமிலவாயு வெளியேறுகிறது. அதனால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, கெட்டியான பகுதி நீர்த்துப் போகிறது. மஞ்சட்கருவைச் சுற்றியுள்ள மெல்லிய உறையும் தளர்கிறது. ஆகவே பழைய முட்டையை உடைத்தால் மஞ்சட்கரு தட்டில் பரவும். புதிய முட்டையில் குமிழ்போல் நிற்கும். ஓட்டின் உட்புறத்துத் ‘தாள்’ என்பது எல்லா முட்டையிலும் உள்ள சவ்வு. இருபடையாக அமைந்த புரதப் பின்னல் அது. உலர்ந்தால் தாள்போல உரியும். தீயில் காட்டினால் சுருண்டு, மயிர் கருகும் நாற்றம் வரும். புரதத்திலுள்ள கந்தகமே அந்நாற்றத்திற்குக் காரணம். பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமும் பின்னர் பிளாஸ்டிக் முட்டை என்பது கட்டுக்கதை என விளக்கம் வெளியிட்டது. காணொலியில் இருந்தவர் கண்டது பொய்யன்று. கண்டதற்குக் கொடுத்த பெயர்தான் பொய்.

மூன்று குழுவுக்கும் திருத்தம் அனுப்பினேன். இங்கே மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. முதற்செய்தி என் குழுக்களைத் தாண்டி ஊரைச் சுற்றி, இரண்டு நாளில் வேறொருவர் பெயரில் எனக்கே திரும்பி வந்தது. திருத்தமோ குழுவின் வாயிலைக்கூடத் தாண்டவில்லை. அச்சம் காலுள்ளது, விளக்கம் நொண்டி. ஆச்சியின் முட்டையில் பெரும்பகுதி வீணாயிற்று. அதன் விலையை நான் நீட்டியபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

முட்டையோடு போனால் அதனைச் சிறு செய்தி எனலாம். அடுத்த ஆண்டு, 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோவிலைத் தேடி உறவினருடன் வந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற செய்தி அதற்குச் சில நாள் முன்பிருந்தே கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அம்மூதாட்டி இறந்தார். நாட்டின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு வைத்தது. அச்செய்தியை அனுப்பியவர்களிலும் என்னைப்போல் ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று நல்லெண்ணத்தோடு அனுப்பியவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

இனி, கருத்து என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்போம். ‘இந்தத் துவையல் எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது ஒன்று. ‘இந்தத் துவையல் கெட்டுவிட்டது’ என்பது மற்றொன்று. முன்னது நாவைப் பற்றிய செய்தி. அதை மறுக்க எவராலும் ஆகாது. பின்னது துவையலைப் பற்றிய செய்தி. அதற்குச் சான்று வேண்டும். நம் பேச்சில் முன்னது பின்னதன் உடையை அணிந்துகொண்டு உலவுவதுதான் தொல்லை. கைப்பேசியில் வரும் கருத்துகளைப் பத்துப் படித்துப் பாருங்கள். ‘மோசமான பொருள்’ என்று எழுதியவர்களில் எத்தனை பேர் ‘நான் எதிர்பார்த்த நிறம் இல்லை’ என்பதை அவ்வாறு எழுதியிருக்கிறார்கள் என்று காண்பீர்கள்.

எனினும் சுவைபற்றிய பேச்சிலும் சோதிக்கத்தக்க பகுதி உண்டு. என் மதினியார் அம்மியின் பெருமையை ஓயாது பேசுவார். அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையலையும் மிக்ஸியில் அரைத்ததையும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்திச் சொல்ல முடியும் என்பது அவர் கூற்று. முடியுமா, முடியாதா? இது விருப்பம் அன்று. உண்மையா இல்லையா எனப் பார்க்கத்தக்க செய்தி.

இதையொத்த வழக்கு ஒன்று 1920களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் எழுந்தது. பாசிகளை ஆராய்ந்துவந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லுவேன் என்றார். அங்கிருந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதனைப் பற்றிச் சிந்தித்து, 1935 இல் வெளியிட்ட சோதனை அமைப்பு பற்றிய நூலில் விரிவாக எழுதினார். எட்டுக் கோப்பை, நான்கு ஒருவகை, நான்கு மறுவகை, வரிசை குலுக்கலால் அமையவேண்டும். சுவைப்பவர் எவை நான்கு என்று பிரித்துக் காட்டவேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. பதினோராம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். எனவே ஒன்றும் அறியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்லுவதற்கு வாய்ப்பு 70இல் 1 மட்டுமே. ஆனால் மூன்றாவது சரியாகச் சொல்லுவதற்கு 70இல் 17. அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ‘நாலுக்கு மூன்று சரி’ என்பது காதுக்குப் பெரிதாக ஒலித்தாலும் குருட்டு நல்வாய்ப்பாலேயே அடிக்கடி நிகழக்கூடியது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நாங்களும் அவ்வாறே செய்தோம். ஒரே தேங்காய், ஒரே அளவு மிளகாய், உப்பு, புளி. எட்டுக் கிண்ணங்கள். என் பெயர்த்தி சீட்டுக் குலுக்கி வரிசை அமைத்தாள். மதினியார் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நான்கையும் பிழையின்றிச் சொன்னார். நான் இரண்டைச் சொன்னேன். இரண்டு சரியாவதுதான் குருட்டாம்போக்கில் மிகுதியும் நிகழ்வது, 70இல் 36. நாற்பதாண்டு தாம்பத்தியத்தில் துவையலைப் பற்றி நான் சொன்ன கருத்துகளுக்கெல்லாம் என்ன மதிப்பு என்று என் மனைவி அன்றுமுதல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மதினியார் வென்றது எதை என்று துல்லியமாகப் பாருங்கள். மிக்ஸியின் அலகு விரைந்து சுழன்று வெட்டுகிறது. அம்மிக்குழவி நசுக்கி இழைக்கிறது. ஆகவே துகளின் பருமனும் தேங்காயிலிருந்து பால் கசியும் அளவும் மாறுகின்றன. அந்த மாற்றத்தை அவர் நா அறிகிறது. இவ்வளவே மெய்ப்பிக்கப்பட்டது. ‘அம்மித் துவையல் உடம்புக்கு நல்லது’ என்று அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது, அதற்கு எட்டுக் கிண்ணம் போதாது என்று சொல்ல எனக்கு வாய்த்தது. சொன்னேன், பயன் இல்லை.

உடம்புக்கு நல்லது என்னும் கருத்தை எவ்வாறு சோதிப்பது? இதற்கு எங்கள் ஊர்ப் பழத்தின் இனத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் மாதக்கணக்கில் கடலில் சென்ற மாலுமிகளை ஸ்கர்வி என்ற நோய் கொள்ளை கொண்டது. ஈறு வீங்கிக் குருதி வடியும், பற்கள் ஆடும், ஆறிய பழம்புண்கூட மீண்டும் திறக்கும். இதற்கு மருந்து பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. 1747 மே மாதத்தில் ‘சாலிஸ்பரி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஒரே நிலையிலிருந்த 12 நோயாளிகளைத் தெரிந்தெடுத்து, ஒரே இடத்தில் கிடத்தி, ஒரே உணவு தந்தார். பிறகு இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். ஓர் இணைக்கு ஆப்பிள் மது, ஓர் இணைக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்குக் காடி, ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்குப் பூண்டும் கடுகும் முதலியன சேர்த்த இலேகியம், எஞ்சிய இணைக்கு நாள்தோறும் ஆரஞ்சு இரண்டும் எலுமிச்சை ஒன்றும். பழம் ஆறே நாளில் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் உண்டவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலை அடைந்தார். மற்றவர் பிறநோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் அளவு தேறினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடநூலுக்கு அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. லிண்ட் 1753 இல் நூல் வெளியிட்டார். கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1795 இல். அதற்குக் காரணம் அதிகாரிகளின் மந்தம் மட்டும் அன்று. கப்பலில் நெடுநாள் வைத்திருப்பதற்காகச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும் முறையை லிண்டே பரிந்துரைத்தார். காய்ச்சினால் அதன் ஆற்றல் அழியும் என்பது அவருக்குத் தெரியாது. சுண்டிய சாறு பயன் தரவில்லை. ‘எலுமிச்சை பயனற்றது’ என்ற கருத்துக்கு அது வலுவூட்டியது.

அதைவிட வேடிக்கை ஒன்று பிறகு நடந்தது. தமிழில் எலுமிச்சை என்ற ஒரே சொல்லால் இரண்டு பழங்களைக் குறிக்கிறோம். நீண்டு, தடித்த மஞ்சள் தோலுடன் ஐரோப்பாவில் விளைவதை ஆங்கிலத்தில் லெமன் என்பர். சிறுத்து, உருண்டு, மெல்லிய தோலும் மிகுந்த புளிப்பும் உடைய நம் பழம் லைம் இனத்தைச் சேர்ந்தது. அக்காலத்து ஆங்கிலேயரும் இவ்விரு பெயரையும் மாற்றி மாற்றி வழங்கினர். 1860களில் பிரிட்டிஷ் கடற்படை மத்தியதரைக்கடல் லெமனை விட்டு, தம் ஆட்சியிலிருந்த மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. புளிப்புத்தானே மருந்து, லைமில் புளிப்பு மிகுதியன்றோ என்று எண்ணினர். அது வெறும் கருத்து; சோதித்தவர் இல்லை. 1875 இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பயணக்குழு அந்தச் சாற்றை எடுத்துச் சென்றும் ஸ்கர்வியால் துன்புற்றது. உடனே கருத்து மறுபுறம் சாய்ந்தது. பழச்சாற்றுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை, கெட்டுப்போன டப்பா இறைச்சியே காரணம் என்று கற்றவர்களே எழுதலாயினர்.

1918 இல்தான் இலண்டன் லிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் சோதனைகளின் வழியே, லைம் சாற்றின் ஆற்றல் லெமன் சாற்றின் ஆற்றலில் நாலில் ஒரு பங்களவே எனக் காட்டினர். பின்னர் அங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் கியார்கி பிரித்தெடுத்த பொருளே வைட்டமின் சி என்று 1932 இல் தெளிவாயிற்று. 1937 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புளிப்பு வேறு, வைட்டமின் சி வேறு. நம் எலுமிச்சையில் அவ்வைட்டமின் லெமனில் இருப்பதில் ஏறக்குறைய பாதி அளவே. (நெல்லிக்காயின் முன் இரண்டும் நிற்கமாட்டா என்பதை எங்கள் ஊரார் மன்னிக்கவேண்டும்.) எலுமிச்சைச் சோற்றுக்கு அடுப்பிலிருந்து இறக்கியபின் சாறு பிழியும் நம் வீட்டு வழக்கம் கசப்பு ஏறாமலிருக்க ஏற்பட்டது, வைட்டமினைக் காப்பது அதனுடன் கிடைத்த ஆதாயம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2021 இல், கொரோனாவின் இரண்டாம் அலையில், மூக்கில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கிருமி மாயும் என்ற காணொலி பரவிற்று. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அது பொய் என்று அறிவித்தது. எனக்கும் அக்காணொலி வந்தது. எங்கள் ஊர்ப் பழத்தைப் புகழும் செய்தி அது; விலையும் ஏறலாம். அனுப்பியவர் என் நெருங்கிய நண்பர். ‘தாங்கள் எத்தனை பேருக்கு விட்டுப் பார்த்தீர்கள்?’ என்று ஒரு வரி எழுதினேன். இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. இவ்விலையும் சில நேரங்களில் கொடுக்கவேண்டியிருக்கிறது.

நட்சத்திரங்களைப் பற்றிச் சிறிது சொல்லி நிறுத்துகிறேன். பத்துப் பேர் ஒரு கடைக்கு நட்சத்திரம் இடுகிறார்கள். அறுவர் ஐந்தும் நால்வர் ஒன்றும் தந்தால் சராசரி 3.4. வேறொரு கடைக்கு அறுவர் மூன்றும் நால்வர் நான்கும் தந்தால் அதுவும் 3.4. முன்னது ஒருநாள் விருந்தும் ஒருநாள் வயிற்றுவலியும் தரும் கடை. பின்னது என்றும் ஒரே சீரான கடை. சராசரி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. மேலும், மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே எழுதுகிறார்கள். உண்டு, கைகழுவிப் போனவர் எழுதுவதில்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 இல் தொடங்கியது. நேயர் கடிதம் கேட்டு வளர்ந்த தலைமுறையினருக்கு இது புதிதன்று. ஆயிரம் பேர் கேட்ட நிகழ்ச்சிக்குப் பத்து அஞ்சலட்டை வரும்; அவற்றிலும் ஐந்து சென்ற வாரம் எழுதியவர்களுடையவை. ஆயினும் ஒவ்வோர் அட்டையிலும் பெயரும் ஊரும் இருக்கும்.

இன்றோ பெயரும் இல்லை. சிலவிடத்து ஆளே இல்லை. கூலிக்குப் புகழ் எழுதுவோரும், போட்டிக் கடையைத் தாழ்த்த எழுதுவோரும் உளர். இதனைக் கருதியே 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 19000 என்ற தர அளவு வெளியிடப்பட்டது. கருத்து எழுதுபவர் உண்மையான ஆள்தானா என்று உறுதி செய்தல், பணம் பெற்று எழுதிய கருத்தை வெளியிடாமை, பாதகமான கருத்தை மறைக்காமை ஆகியவை அதில் அடங்கும். நிறுவனங்கள் தாமே விரும்பி ஏற்கும் அளவாகவே அது வெளிவந்தது.

நட்சத்திரத்திற்கு நேர்மாறான ஒன்றையும் எங்கள் ஊர் கண்டிருக்கிறது. 2025 இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999 இல் இயற்றி 2003 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வழங்கப்படுவது அது. நாட்டில் முதலில் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. இதுவும் ‘இந்தப் பழம் தனித்தன்மை உடையது’ என்னும் ஒரு கருத்துத்தான். ஆனால் மண், நீர், விளையும் எல்லை, பழத்தின் இயல்பு, வரலாறு ஆகியவற்றுக்குச் சான்று காட்டவேண்டும், விண்ணப்பத்தைப் புவிசார் குறியீட்டு இதழில் வெளியிட்டு, மறுப்பவர்க்கு வாய்ப்புத் தரவேண்டும், அதன்பிறகே பதிவு. சந்தையில் அன்று பட்டாசு வெடித்தார்களா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை அதே வியாபாரி குவியலின் அடியில் கைவிட்டுப் பழம் எடுப்பதைப் பார்த்தேன்.

சென்ற ஆண்டு முட்டைக்கடை ஆச்சியின் மகள், கடையைக் கைப்பேசி வரைபடத்தில் ஏற்றிவிட்டு, ‘சார், நீங்க ஒரு கருத்து எழுதணும்’ என்றாள். ஆச்சி அருகே நின்றார். ஒரு செம்பு நீரில் முட்டையை இட்டுப் பார்க்கும் வழக்கத்தை அவர் இப்போது வைத்திருக்கிறார். பழைய முட்டையில் காற்றறை பெருத்திருக்கும். ஆகவே அது மிதக்கும். மிதப்பதை அவர் விற்பதில்லை. நான் வீட்டுக்குப் போய், ஒரு நாள் யோசித்து, என் பெயரோடு எழுதினேன்: ‘எட்டு ஆண்டுக்கு மேலாக இங்கே வாரம் பன்னிரண்டு முட்டை வாங்குகிறேன். வாடிக்கையாளர் கண்முன் நீரில் இட்டுக் காட்டித் தருகிறார்கள். இதுவரை கெட்ட முட்டை இரண்டு. இரண்டுக்கும் மாற்று முட்டை தந்தார்கள். பிற்பகலில் கடை எப்போது திறந்திருக்கும் என்று தெரிவதில்லை.’ நான்கு நட்சத்திரம் இட்டேன்.

மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் ஆச்சி கேட்டார்: ‘ஒண்ணு எங்க சார் போச்சு?’ பிற்பகலில் மூன்றுமுறை வந்து திரும்பியதைச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த வாரம் கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. ‘2 மணி முதல் 4 மணி வரை கடை கிடையாது’ என்று அதில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. அந்த ஐந்தாவது நட்சத்திரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. எப்படிச் சேர்ப்பது என்று பெயரனைத்தான் கேட்கவேண்டும்.